ஏரி நீருக்கு யு.எஃப்., உவர் கிணற்றுக்கு ஆர்.ஓ.: மெம்பிரேன் வாங்குமுன் போட வேண்டிய கணக்கு

கேள்வி இதுதான்: சுமார் 500 பேர் வசிக்கும் குடியிருப்பு, நாளுக்கு 50,000 லிட்டர் தண்ணீர் வேண்டும். பக்கத்தில் ஓர் ஏரி, வளாகத்துக்குள் உவர்ப்பான ஓர் ஆழ்குழாய்க் கிணறு. மெம்பிரேன், அதாவது நீரை வடிக்கும் மெல்லிய படலம், வைப்பதென்று முடிவாகிவிட்டது. எந்த மெம்பிரேன், எவ்வளவு பரப்பு, வைத்த சில மாதங்களிலேயே அடைத்துக்கொள்கிறது என்கிறார்களே, அது ஏன்?

மெம்பிரேனைத் தேர்ந்தெடுக்கும் முன் தண்ணீரில் இருப்பதை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கலங்கல், பாசி, பாக்டீரியா, வைரஸ் எல்லாம் துகள்கள். உப்பு, நைட்ரேட், ஃபுளோரைடு, கடினத்தன்மை, ஆர்செனிக் எல்லாம் கரைந்தவை. துகளுக்கு எம்.எஃப். (மைக்ரோஃபில்ட்ரேஷன்) அல்லது யு.எஃப். (அல்ட்ராஃபில்ட்ரேஷன்); கரைந்ததற்கு நானோ (நானோஃபில்ட்ரேஷன்) அல்லது ஆர்.ஓ. (எதிர்ச் சவ்வூடு பரவல்). ஒன்றின் வேலையை இன்னொன்றிடம் எதிர்பார்ப்பதால்தான் பாதிப் புகார்கள் வருகின்றன. டி.டி.எஸ். (கரைந்த திடப்பொருளின் அளவு, மி.கி./லி.) 1,500 உள்ள தண்ணீரை யு.எஃப்.பில் விட்டால் வெளியே வருவதும் 1,500தான். அது பழுதில்லை.

எம்.எஃப்.பின் துளை சுமார் 0.1 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), குடிநீருக்கான யு.எஃப்.பின் துளை சுமார் 0.02 மைக்ரான். கிரிப்டோஸ்போரிடியத்தின் முட்டைக்கூடு 4 முதல் 6 மைக்ரான், ஜியார்டியா அதைவிடப் பெரிது, ஈ.கோலை அரை மைக்ரான் தடிமன். இவை இரண்டு வகை மெம்பிரேனையும் தாண்டாது. நோரோ, போலியோ போன்ற வைரஸ்கள் சுமார் 0.03 மைக்ரான்தான், எம்.எஃப்.பில் நழுவிவிடும், யு.எஃப்.பில் பெரும்பாலும் நிற்கும். கிரிப்டோவை முதலில் சொல்லக் காரணம் உண்டு: வழக்கமான குளோரின் அளவுக்கு அது சாகாது. 1993-ல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் சுமார் 4 லட்சம் பேர் இதனால் நோயுற்றதாக மதிப்பிடப்பட்டது. மணல் வடிகட்டியும் குளோரினும் இருந்த நிலையத்தின் தண்ணீர்தான் அது. குடிநீர் நிலையங்கள் மெம்பிரேன் பக்கம் திரும்பியதில் அந்த நிகழ்ச்சிக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆர்.ஓ.வில் துளை என்று சொல்லத்தக்க ஒன்று இல்லை. பாலிஅமைடு படலத்துக்குள் தண்ணீர் கரைந்து ஊடுருவி மறுபக்கம் வருகிறது, உப்பு பின்தங்குகிறது. ஒவ்வொரு 1,000 மி.கி./லி. உப்புக்கும் ஏறக்குறைய 0.7 முதல் 0.8 பார் (ஒரு பார் ஏறக்குறைய காற்றுமண்டல அழுத்தம்) சவ்வூடு அழுத்தம் எதிர்த்து நிற்கும். அதை வென்ற பிறகுதான் தண்ணீர் நகரும். அதனால்தான் உவர் கிணற்றுக்கு 10 முதல் 15 பார் வேண்டியிருக்கிறது, கடல்நீருக்கு 55 முதல் 70 பார். யு.எஃப்.புக்கு ஒரு பாரே தாராளம். நானோ இடையில் நிற்கிறது: கால்சியம், மக்னீசியம், சல்ஃபேட்டை நன்றாகப் பிடிக்கும், சோடியம் குளோரைடை ஓரளவு விட்டுவிடும். கடினத்தன்மை மட்டுமே தொல்லை என்றால் அதைப் பாருங்கள்.

ஆக, ஏரிக்கு யு.எஃப்.பும் குளோரினும். கிணற்றை நம்பித்தான் ஆக வேண்டும் என்றால் அதற்கு ஆர்.ஓ. ஏரி நீரைப் பரிசோதித்ததில் கரைந்த நச்சு எதுவும் இல்லையென்றால் அதையும் ஆர்.ஓ.வில் விடுவது வீண். கால்வாசித் தண்ணீர் ரிஜெக்டாக, அதாவது உப்பு செறிந்த கழிவு நீராகப் போகும், மின்சாரம் பல மடங்காகும், கனிமங்களைப் பறிகொடுத்துவிட்டு மறுபடி சேர்க்க வேண்டிவரும்.

பரிசோதனைக்கு ஒரே ஒரு மாதிரி போதாது. பெருமழைக்கு மறுநாள் ஒன்று, பாசி பச்சையாக மிதக்கும் நேரத்தில் ஒன்று, ஆண்டின் மிகக் குளிர்ந்த நாட்களில் ஒன்று என்று எடுக்க வேண்டும். கலங்கல், நிறம், மொத்தக் கரிமக் கார்பன், இரும்பு, மாங்கனீசு, பி.எச்., காரத்தன்மை, கடினத்தன்மை, சல்ஃபேட், சிலிக்கா, நைட்ரேட், ஃபுளோரைடு, ஆர்செனிக் எல்லாம் அறிக்கையில் இருக்கட்டும். தண்ணீரின் வெப்பநிலையையும் எழுதச் சொல்லுங்கள். பலர் விட்டுவிடுவது அதைத்தான்.

இனி அளவு. ஒரு சதுர மீட்டர் மெம்பிரேன் ஒரு மணி நேரத்தில் விடும் லிட்டர்தான் ஃபிளக்ஸ். விற்பவரின் தாளில் யு.எஃப்.புக்கு 40 முதல் 120 வரை போட்டிருப்பார்கள். போட்டி விலை கொடுக்க விரும்புபவர் 90-ஐ எடுத்துக்கொண்டு மாட்யூல் (மெல்லிய குழல் போன்ற மெம்பிரேன் இழைகளை ஆயிரக்கணக்கில் அடைத்த உருளை) எண்ணிக்கையைக் குறைப்பார். முதல் வாரம் அழகாக ஓடும். ஆனால் படிவு சேரும் வேகம் ஃபிளக்ஸோடு நேர் விகிதத்தில் ஏறுவதில்லை. ஓர் எல்லையைத் தாண்டியதும் துகள்கள் மெம்பிரேன் மேல் இறுகி, பேக்வாஷுக்கும் (சுத்த நீரைப் பின்னோக்கி விட்டுக் கழுவுவது) அசையாமல் உட்கார்ந்துவிடுகின்றன. "சில மாதத்தில் அடைத்துக்கொண்டது" என்ற கதைகளில் பெரும்பங்கு இப்படி வந்ததுதான். முன்கூட்டியே தெளியவைக்காத ஏரி நீருக்கு 60-க்கு மேல் போகாதீர்கள்.

50,000 லிட்டரை 20 மணி நேரத்தில் எடுப்பதாக வைத்தால் மணிக்கு 2,500 லிட்டர். பேக்வாஷுக்குச் செலவாகும் நீரும் நின்றுபோகும் நிமிடங்களும் சேர்த்தால் சுமார் 2,900. இதை 58 ஃபிளக்ஸில் எடுக்க 50 சதுர மீட்டர் வேண்டும், அதாவது பெரிய மாட்யூல் ஒன்று. ஒன்றோடு நிறுத்தாமல் இரண்டாக வாங்குங்கள். இரண்டும் ஓடும்போது ஃபிளக்ஸ் 29தான், படிவு மெதுவாகச் சேரும். ஒன்றைக் கழுவ நிறுத்தினாலும் மற்றொன்று 58-ல் முழுத் தேவையையும் சமாளிக்கும். முதலில் செலவு கூடுதல்தான். ஒரே மாட்யூல் வைத்துவிட்டுக் கழுவும் நாளில் குடியிருப்பையே காயப்போடுவதைவிட இது மேல்.

குளிர் கணக்கை இங்கே சேர்க்க வேண்டும். 20 டிகிரியில் நீரின் பிசுக்கு (பாகுத்தன்மை) 1.00 என்றால் 10 டிகிரியில் 1.31, 5 டிகிரியில் 1.52. அதே அழுத்தத்தில் 10 டிகிரி நீர் கால்பங்கு குறைவாகவே வரும். குளிர்காலத்தில் அழுத்தம் ஏறுவதைக் கண்டு அடைப்பு என்று நினைத்து ரசாயனத்தால் கழுவிக் கழுவி மெம்பிரேனைக் கெடுத்த இடங்கள் உண்டு. கணக்கை 20 டிகிரிக்குத் திருத்திப் பார்த்தால் படிவே இருந்திருக்காது.

மெம்பிரேனுக்கு முன்னால் என்ன வைக்கிறீர்கள் என்பது மெம்பிரேனைவிட முக்கியம். இழைக்கு உள்ளிருந்து வெளியே ஓடும் வகையில் இழையின் உள்விட்டம் சுமார் 0.8 மி.மீ.தான், அதன் வாயை அடைக்க ஒரு நத்தைக் குஞ்சோ இலைத் துணுக்கோ போதும். 100 முதல் 200 மைக்ரான் டிஸ்க் ஃபில்டர், தானாகக் கழுவிக்கொள்ளும் வகையாக, கட்டாயம். வெளியிருந்து உள்ளே ஓடும் வகைக்கு 300 மைக்ரானும் போதும். கலங்கல் அதிகமுள்ள நீருக்கு இந்த வகையே பொறுமைசாலி.

ஏரி நீரின் உண்மையான எதிரி கலங்கல் அல்ல, கரைந்த கரிமப் பொருளும் பாசி விடும் கொழகொழப்பும்தான். துளைக்குள்ளேயே புகுந்து ஒட்டிக்கொள்ளும். ஃபெரிக் குளோரைடோ பாலி அலுமினியம் குளோரைடோ லிட்டருக்குச் சில மில்லிகிராம் சேர்த்து, ஒரு நிமிடமாவது கலக்கவிட்டு உள்ளே அனுப்பினால் அவை நுண்திரளாகி மெம்பிரேனின் மேற்பரப்பிலேயே நின்றுவிடும். திரள் பெரிதாகிப் படிய வேண்டியதில்லை, குண்டூசி முனையளவு போதும். அளவை ஜார் டெஸ்ட் (பல ஜாடிகளில் வெவ்வேறு அளவு மருந்து கலந்து ஒப்பிடும் சோதனை) பார்த்து முடிவு செய்யுங்கள். ஒன்று மட்டும் கூடாது: தெளிவிக்கும் தொட்டியில் போடும் பாலிமர். நேர்மின்னேற்றம் கொண்ட பாலிமர் மெம்பிரேனில் ஒட்டினால் திரும்ப எடுப்பது பெரும்பாடு.

இரும்பும் மாங்கனீசும் வேறு விதத்தில் விளையாடும். கரைந்த நிலையில் யு.எஃப்.பைத் தாண்டிப் போய், குளோரின் கலந்த பேக்வாஷ் நீரில் ஆக்சிஜனேற்றம் பெற்று, இழையின் சுத்தமான பக்கத்தில் கறுப்பாகப் படியும். ஆய்வறிக்கையில் மாங்கனீசு தென்பட்டால் அதை மெம்பிரேனுக்கு முன்பே ஆக்சிஜனேற்றி வடிகட்டிவிட வேண்டும்.

பேக்வாஷ் 30 முதல் 60 நிமிடத்துக்கு ஒருமுறை, 30 முதல் 60 விநாடி, வடிகட்டும் வேகத்தைப் போல மூன்று நான்கு மடங்கில். 50 சதுர மீட்டருக்கு 230 ஃபிளக்ஸ் என்றால் மணிக்கு 11.5 கன மீட்டர் தரும் பம்ப் வேண்டும். 40 விநாடிக்கு ஏறக்குறைய 130 லிட்டர் செலவு. 1,450 லிட்டர் எடுத்ததும் ஒருமுறை கழுவினால் இழப்பு 9 சதவீதம். பேக்வாஷ் பம்பைச் சிறிதாக வாங்கி மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். மெதுவாகப் பின்னோக்கி விட்ட நீர் படிவைக் கிளப்பாது, நனைக்க மட்டுமே செய்யும். வால்வுகள் படாரென்று திறந்து மூடினால் நீரடியில் (ஓட்டம் திடீரென மாறும்போது எழும் அழுத்த அதிர்ச்சி) இழைகள் கழுத்தில் முறியும். இரண்டு மூன்று விநாடி எடுத்துக்கொள்ளும் வால்வுகளைப் போடுங்கள்.

கவனிக்க வேண்டிய எண் ஒன்றே: உள்பக்க அழுத்தத்துக்கும் வெளிப்பக்க அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தால் ஃபிளக்ஸை வகுங்கள். 60 ஃபிளக்ஸுக்கு 0.3 பார் என்றால் 200. புதிதாக ஓடும் முதல் நாளில் இதை வெப்பநிலையோடு எழுதிவையுங்கள். அந்த எண் இல்லாமல் பின்னால் எதையும் தீர்மானிக்க முடியாது. ஒவ்வொரு பேக்வாஷுக்குப் பிறகும் அது எவ்வளவு மீள்கிறது என்று பாருங்கள். மீளாமல் நாளுக்கு நாள் இறங்கினால், பேக்வாஷ் நீரில் ஹைப்போகுளோரைட் (குளோரின் கரைசல்) கலந்து பத்து நிமிடம் ஊறவைத்து அலசுங்கள். தொடக்க மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு தொலைந்துவிட்டால் முழுக் கழுவல்: பி.எச். 11 அளவில் காஸ்டிக் சோடாவோடு லிட்டருக்கு 500 மி.கி. ஹைப்போகுளோரைட், 30 முதல் 35 டிகிரியில் சில மணி நேரம் சுழற்சி. நன்றாக அலசிய பின் 2 சதவீத சிட்ரிக் அமிலம். முன்னது கரிமப் படிவையும் உயிர்ப்படலத்தையும் எடுக்கும், பின்னது இரும்பையும் சுண்ணத்தையும். பி.வி.டி.எஃப்., பி.இ.எஸ். இரண்டும் இழை செய்யும் பிளாஸ்டிக் வகைகள். பி.வி.டி.எஃப். இழை குளோரினை நன்றாகத் தாங்கும், கடுங்காஸ்டிக்கைத் தாங்காது, பி.இ.எஸ். காஸ்டிக்குக்கு அசையாது, குளோரினில் மெல்ல நொறுங்கும். எது உங்களுடையது என்று தெரியாமல் வாளியைத் தூக்காதீர்கள். ஹைப்போகுளோரைட் மிச்சமிருக்கும் குழாயில் அமிலம் விட்டால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய அறையில் ஆளைக் கொல்லும். இடையில் அலசும் நீரில் குளோரின் இல்லை என்று சோதித்த பிறகே அமிலம்.

அடுத்தது ஓட்டை. 0.8 மி.மீ. விட்டம், ஒன்றரை மீட்டர் நீளம் என்றால் 50 சதுர மீட்டர் மாட்யூலில் ஏறக்குறைய 13,000 இழைகள். அதில் ஒன்று முறிந்தால் கலங்கல் மீட்டர் காட்டாது. அவ்வளவு சுத்த நீரில் அந்த ஓர் இழையின் கசிவு கரைந்துபோகும். ஆனால் கிரிப்டோ போக அந்த ஒரு வாய் போதும். அதனால் தினமும் ஒருமுறை காற்றழுத்தச் சோதனை. ஒரு பக்கத்து நீரை வடித்து, எண்ணெய் கலவாத காற்றை 1 பார் வரை ஏற்றி, மூடி, இரண்டு நிமிடம் நிலைபெற விட்டு, அடுத்த ஐந்து நிமிடத்தில் அழுத்தம் எவ்வளவு இறங்குகிறது என்று குறியுங்கள். நனைந்த நுண்துளைக்குள் காற்று புக முடியாது. 3 மைக்ரான் ஓட்டைக்குள் புக ஏறக்குறைய 0.97 பார் போதும். 1 பார் என்ற எண் அங்கிருந்து வருகிறது: கிரிப்டோ நுழையக்கூடிய எந்த ஓட்டையும் அந்த அழுத்தத்தில் காற்றை விட்டுக்கொடுத்துவிடும். இறக்கம் புதிய மாட்யூலின் அளவைத் தாண்டினால், முனை மூடியைக் கழற்றி, மேலே சிறிது நீர் நிறுத்தி, குமிழி வரும் இழையைக் கண்டுபிடித்து இரு முனையிலும் ஆணி அடைத்துவிடலாம். பத்து இழை போனால் பரப்பு குறைவதே தெரியாது. மாதம் தவறாமல் முறிந்துகொண்டிருந்தால் நீரடியையும் பேக்வாஷ் அழுத்தத்தையும் சந்தேகியுங்கள்.

யு.எஃப்.புக்குப் பிறகு குளோரின் எதற்கு என்று கேட்பவர்கள் தொட்டியையும் குழாயையும் மறந்துவிடுகிறார்கள். பி.எச். 8-க்குக் கீழே, 30 நிமிடத் தொடர்புக்குப் பின் லிட்டருக்கு 0.5 மி.கி. தனிக் குளோரின் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். மணிக்கு 2,500 லிட்டருக்கு 1,250 லிட்டர் தொட்டி கணக்கில் சரியாக வரும், நடப்பில் வராது. நீர் குறுக்கே பாய்ந்து வெளியேறிவிடும். தடுப்புச் சுவர் வைத்த 3,000 லிட்டராகக் கட்டுங்கள்.

கிணற்றுப் பக்கம் வருவோம். டி.டி.எஸ். 2,000 என்று வைத்துக்கொள்வோம். ஆர்.ஓ.வில் ஃபிளக்ஸ் 20-ஐ ஒட்டி இருக்கட்டும். மணிக்கு 2,500 லிட்டருக்குச் சுமார் 120 சதுர மீட்டர். தலா 8 சதுர மீட்டர் உள்ள 4 அங்குல மெம்பிரேன்கள் 15. ஐந்தைந்தாக மூன்று வெசல்களில் (மெம்பிரேன்களை வரிசையாகச் செருகும் அழுத்தக் குழாய்), முதல் கட்டத்தில் இரண்டு, அவற்றின் ரிஜெக்ட் சேர்ந்து நுழையும் இரண்டாம் கட்டத்தில் ஒன்று. 75 சதவீத மீட்புக்கு (உள்ளே விடும் நீரில் சுத்த நீராகக் கிடைக்கும் பங்கு) உள்ளே 3,330 லிட்டர், வெளியே ரிஜெக்ட் 830. கடைசி மெம்பிரேனின் வாலில் இந்த ஓட்டம் 700-க்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்கினால் உப்பைக் கழுவிக்கொண்டு போக வேகம் இருக்காது. நான்கே 8 அங்குல மெம்பிரேனிலும் இதே பரப்பு கிடைக்கும். ஆனால் அவற்றுக்கு வாலில் மணிக்கு 3 கன மீட்டருக்கு மேல் ஓட வேண்டும், அதற்காக ரிஜெக்டைச் சுழற்றி மறுபடி உள்ளே விட வேண்டும், சுத்த நீரின் உப்பு ஏறும்.

மீட்பு விகிதத்தை ஆசை தீர்மானிக்கக் கூடாது, சிலிக்காவும் சுண்ணமும்தான் தீர்மானிக்க வேண்டும். 75 சதவீதம் எடுத்தால் ரிஜெக்ட் நான்கு மடங்கு செறிவாகும். கிணற்று நீரில் சிலிக்கா 35 மி.கி./லி. என்றால் வாலில் 140. 25 டிகிரியில் அது கரைந்திருக்கக்கூடிய எல்லை சுமார் 120. 65 சதவீதத்தில் நிறுத்தினால் 100-ல் தப்பிக்கும், அதற்கேற்ப உள்ளே விடும் நீர் கூடும். கால்சியம் கார்பனேட்டை ஆன்டிஸ்கேலன்ட் (படிவுத் தடுப்பு மருந்து) லிட்டருக்கு 2 முதல் 5 மி.கி. சமாளிக்கும், படிந்தாலும் அமிலத்தில் கரைந்துவிடும். சிலிக்கா ஒருமுறை படிந்துவிட்டால் அநேகமாக மெம்பிரேனையே மாற்ற வேண்டியதுதான்.

உள்ளே போகும் நீரில் குளோரின் அறவே கூடாது. 1 மி.கி. குளோரின் தொடர்ந்து பட்டால் 200 முதல் 1,000 மணி நேரத்தில் பாலிஅமைடு சிதைந்துவிடும். இரும்பு இருந்தால் இன்னும் சீக்கிரம். 1 மி.கி. குளோரினுக்குக் கணக்கின்படி 1.34 மி.கி. சோடியம் மெட்டாபைசல்ஃபைட் போதும், நடப்பில் 3 மி.கி. விடுவார்கள். 5 மைக்ரான் கார்ட்ரிட்ஜ் ஃபில்டருக்குப் பிறகு எஸ்.டி.ஐ. (நீர் மெம்பிரேனை அடைக்கும் தன்மையின் குறியீடு) 3-க்குக் கீழே இருக்கட்டும், 5-ஐத் தாண்டினால் ஓட்டாதீர்கள். ஆர்செனிக் இருக்கும் கிணறு என்றால் இன்னொரு கண்ணி: மூவிணைதிற ஆர்செனிக் மின்னேற்றமின்றி இருப்பதால் ஆர்.ஓ.வையும் கணிசமாகத் தாண்டும். முதலில் குளோரினால் ஐயிணைதிறமாக்கி, பிறகு அந்தக் குளோரினை நீக்கி, அதற்குப் பின்தான் மெம்பிரேன்.

பழுதை எங்கே தேடுவது என்பதை எண்களே சொல்லிவிடும். முதல் கட்டத்தில் அழுத்த வித்தியாசம் ஏறி நீர் குறைந்தால் நுண்துகள் அல்லது உயிர்ப்படலம். கடைசிக் கட்டத்தில் நீர் குறைந்து உப்பு ஏறினால் ஸ்கேல் (சுண்ணம், சிலிக்கா போன்ற படிவு). நீர் கூடி உப்பும் கூடினால் மகிழ வேண்டாம்; குளோரின் தின்றுவிட்டது, அல்லது ஓ-ரிங் (இணைப்பை அடைக்கும் ரப்பர் வளையம்) போய்விட்டது. பின்னதைப் பிரித்தறிய மெல்லிய குழாயை வெசலின் சுத்த நீர்ப் பாதைக்குள் செலுத்தி, மெம்பிரேன் மெம்பிரேனாக டி.டி.எஸ். எடுங்கள். ஓரிடத்தில் மட்டும் எகிறினால் ஓ-ரிங், எல்லா இடத்திலும் ஏறியிருந்தால் மெம்பிரேன். வெப்பநிலைக்கும் அழுத்தத்துக்கும் திருத்திய ஓட்டம் 10 முதல் 15 சதவீதம் இறங்கியதுமே கழுவ வேண்டும். பாதி குறையும்வரை காத்திருந்தால் மீளாது. காரத்தில் முதலில், அமிலத்தில் பிறகு. கரிமப் படிவு இருக்கையில் அமிலத்தை முதலில் விட்டால் அது இறுகிவிடும். வெறும் சுண்ணம்தான் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் அமிலம் முந்தலாம்.

ஆர்.ஓ.விலிருந்து வரும் நீர் பி.எச். 5.5 முதல் 6.5 வரை இருக்கும், இரும்புக் குழாயை அரிக்கும். கால்சைட் (சுண்ணக் கல் துகள்) நிரப்பிய தொட்டி வழியாக விட்டோ, யு.எஃப்.பில் வடித்த ஏரி நீரோடு கலந்தோ சரிசெய்யலாம். இரண்டு நீர்நிலையும் கைவசம் இருப்பதால் உங்களுக்குக் கலப்பதே எளிது; ஆர்.ஓ.வின் அளவையும் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம். ரிஜெக்டைக் கிணற்றுப் பக்கத்து நிலத்திலோ ஏரியிலோ விட்டால் அதே உப்பு சுற்றிவந்து உங்கள் மெம்பிரேனிலேயே ஏறும். அதற்கான இடத்தை இயந்திரம் வாங்குமுன் முடிவு செய்யுங்கள்.

ஏரி நிரம்பியிருக்கும் மாதங்களில் ஆர்.ஓ. சும்மா கிடக்கும். அப்படியே விட்டால் உள்ளே உயிர்ப்படலம் வளர்ந்துவிடும். இரண்டு நாளுக்கு மேல் நிறுத்துவதென்றால் சுத்த நீரில் அலசி, காற்றில்லாமல் 1 சதவீத சோடியம் மெட்டாபைசல்ஃபைட் கரைசலை நிரப்பி மூடுங்கள். வாரம் ஒருமுறை அதன் பி.எச். பாருங்கள். 3-க்கு இறங்கியதும் மாற்ற வேண்டும். இறங்காவிட்டாலும் மாதம் ஒருமுறை புதிது.